பழைய வண்டியின் குரல்

சென்ற திங்கள் இப்பகுதியில் தையற்பொறிக்கு எண்ணெய் இடும் முறையைப் பற்றி எழுதியிருந்தேன். அதனைப் படித்த அன்பர் ஒருவர், சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து வெளியே வருகையில் என் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

"தம்பி, தையற்பொறி கிடக்கட்டும். என் யெஸ்டி வண்டி ஒரு மாதமாக ஏதோ சத்தம் போடுகிறது. பட்டறைக்காரர் இஞ்சினை முழுவதும் பிரிக்கவேண்டும் என்கிறார். பையனோ பழைய இரும்புக்கடையில் போட்டுவிடலாம் என்கிறான். நீ என்ன சொல்கிறாய்?"

"எப்போது சத்தம் போடுகிறது, ஐயா?"

"எப்போதும்தான்."

"குளிர்ந்திருக்கையில் மிகுதியா, சூடேறிய பின் மிகுதியா? மேடு ஏறும்போதா, நின்றபடி ஓடும்போதா? கிளச்சைப் பிடித்தால் மாறுகிறதா?"

அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, "அதையெல்லாம் யார் தம்பி கவனித்தார்கள்?" என்றார். அவருடைய அந்த விடையே இத்திங்கள் எழுதுவதற்குப் பொருளாயிற்று.

மைசூரில் வாழும் தமிழர்க்கு யெஸ்டி வண்டியை அறிமுகம் செய்து வைக்கவேண்டியதில்லை. செக்கோஸ்லோவாக்கியா நாட்டில் 1929ஆம் ஆண்டு யானச்செக் என்பார் தொடங்கிய ஜாவா நிறுவனத்தின் வண்டியை இந்தியாவில் செய்வதற்கென்று, 1960இல் ஐடியல் ஜாவா என்னும் கம்பெனி இந்நகரில் ஏற்பட்டது. அடுத்த ஆண்டிலேயே யாதவகிரித் தொழிற்சாலையிலிருந்து வண்டிகள் வெளிவரத் தொடங்கின. 1973 முதல் அவை யெஸ்டி என்னும் பெயரைத் தாங்கின. 1996இல் தொழிற்சாலை மூடப்பட்டது. 2018இல் ஜாவா என்ற பெயரும், 2022இல் யெஸ்டி என்ற பெயரும் மீண்டும் விற்பனைக்கு வந்தன. எனினும் அவ்வண்டிகள் மத்தியப் பிரதேசத்துப் பீதம்பூரில் செய்யப்படுபவை. அவற்றின் இஞ்சின் வேறு, குரலும் வேறு. ஆகவே நம் வீட்டுத் திண்ணையோரம் நிற்கும் மைசூர் யெஸ்டிகளுள் கடைக்குட்டிக்கும் இன்று ஏறத்தாழ 30 வயது என்க. ஒரு காலத்தில் இளைஞர்கள் பந்தய வண்டியாக மதித்துப் பறந்த அவ்வண்டிகள், இன்று முதுமையெய்திய நிலையில் நம்மிடம் இருக்கின்றன. முதியவர் முனகினால் முதலில் காது கொடுத்துக் கேட்பதன்றோ முறை?

வண்டியின் முதுமை எத்தகையது என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். ஒரு கிலோமீட்டர் ஓட இஞ்சின் 3,000 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,00,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் கிராங்கு 30 கோடி முறை சுழன்றிருக்கும். பிஸ்டனும் அத்தனை முறை ஏறி இறங்கியிருக்கும். அது டூஸ்ட்ரோக் இஞ்சின் ஆதலால், ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை வெடித்துத் தள்ளுவது அதன் இயல்பு. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே இருக்கவேண்டிய இடைவெளியோ தலைமயிர் ஒன்றின் பருமனையொத்தது. முப்பது கோடி உராய்வுக்குப் பின் அவ்விடைவெளி சற்று அகன்று ஒலி எழும்புமானால் அதில் வியப்பில்லை. ஆதலால் பழைய வண்டியில் ஒலி இருப்பது குற்றமன்று. நேற்றுவரை இல்லாத ஒலி இன்று எழுவதுதான் கவனத்துக்குரியது.

இஃது எனக்குப் புத்தகத்தால் வந்த அறிவன்று, பட்டபின் வந்தது. எந்தையார் 1988இல் வாங்கிய யெஸ்டி எங்கள் வீட்டில் இன்றும் ஓடுகிறது. அதன் தூரங்காட்டி 99,999 வரை சென்று பூச்சியத்துக்குத் திரும்பி மறுபடியும் எண்ணத் தொடங்கியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் அவ்வண்டியை மூன்று திங்கள் எடுக்காமல் நிறுத்தியிருந்தேன். மீண்டும் எடுத்தபோது, அடியிலிருந்து மாவரைக்கும் கல் சுழல்வது போன்ற ஓர் உறுமல் கேட்டது. வேகம் ஏறினால் உறுமலும் ஏறிற்று. "சில நாள் ஓடினால் சரியாகிவிடும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பா மட்டும், "இந்த ஓசை நல்லதில்லையப்பா" என்றார். நான் செவிசாய்க்கவில்லை.

பின்னர் ஒரு ஞாயிறன்று மனைவியைப் பின்னே அமர்த்திக்கொண்டு நஞ்சன்கூடு கோயிலுக்குப் புறப்பட்டேன். பாதி வழியில் இஞ்சின் திடீரென்று இளைத்து, ஒரு கிறீச்சொலியுடன் இறுகிவிட்டது. பின்சக்கரம் சுழலாமல் வழுக்கியது. கை தன்னையறியாமல் கிளச்சைப் பிடித்ததால் சக்கரம் விடுபட்டது; வண்டி சாலையோரம் உருண்டு நின்றது. பின்னே லாரி எதுவும் வராதது இறைவன் அருள். நெடுநேரம் நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவள், "மாமா சொன்னாரே, கேட்டீர்களா?" என்று மட்டும் சொன்னாள்.

பிரித்துப் பார்த்தபோது நேர்ந்தது தெளிவாயிற்று. டூஸ்ட்ரோக் இஞ்சினில் கிராங்கின் பேரிங்குகளுக்குப் பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெயே உயவு. நெடுநாள் நின்ற வண்டியில் அவ்வெண்ணெய் வடிந்து, ஈரம் படிந்து, பேரிங்குக் குண்டுகளில் துரு ஏறியிருந்தது. துருவேறிய குண்டுகள் தேய்ந்தன. அதனால் கிராங்கு ஆட்டங்கண்டது. ஆட்டத்தால் அதன் ஓரத்து எண்ணெய் சீல் பழுதுற்றது. பழுதுற்ற சீல் வழியே வெளிக்காற்று உட்புகுந்தது. காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்த கலவை அளவுமீறிச் சூடேறும்; எண்ணெயும் உடன் குறைவதால் பிஸ்டன் சிலிண்டரில் ஒட்டிக்கொள்ளும். முதலில் உறுமியபோதே கவனித்திருந்தால் பேரிங்கும் சீலும் மாற்றியதோடு போயிருக்கும். கேளாமையால் பிஸ்டனும் சிலிண்டரும் சேர்ந்து போயின. எங்கள் உயிர் போகாதது ஒன்றே மிச்சம்.

அன்றுமுதல் ஒலியைக் கேட்கும் முறையை அப்பாவிடம் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவனுக்கு வகுத்த முறையே இதற்கும் பொருந்தும்: நோய் இன்னதென்று அறிதல், அதன் காரணத்தை அறிதல், தணிக்கும் வழியை அறிதல், பின்னரே கைவைத்தல். நம்மில் பலர் கடைசிப் படியிலிருந்து தொடங்குகிறோம். பணம் வீணாவது அங்கேதான்.

முதற்கண், ஒலி இஞ்சினுக்குள்ளிருந்துதான் வருகிறதா என்று பார்க்கவேண்டும். பழைய வண்டியில் கருவிப்பெட்டியின் மூடி, மட்கார்டு, எண் பலகை, இஞ்சினைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகள் ஆகிய ஒவ்வொன்றும் தளர்ந்து ஒலி எழுப்பவல்லது. வண்டியை நிறுத்தி, இஞ்சின் குளிர்ந்தபின் ஒவ்வொன்றையும் கையால் அசைத்துப் பார்த்தல் செலவில்லாத சோதனை. சைலன்சரின் உட்குழல் தளர்ந்தால் தகரம் அதிர்வதுபோல் கேட்கும். புகைக்குழல் சிலிண்டரோடு சேருமிடத்தில் மரை தளர்ந்தால் "சப், சப்" என்று காற்றுக் கசியும் ஓசை வரும். அவ்விடத்தில் கரிய எண்ணெய்க் கறையும் காணப்படும். அதனை முடுக்கினால் போதும்; இஞ்சினைப் பிரிக்க வேண்டுவதில்லை.

அடுத்து, இயல்பான ஒலியை நோயென்று மயங்கலாகாது. டூஸ்ட்ரோக் இஞ்சின் மெதுவாக நின்றபடி ஓடுகையில், எரிந்த புகை முழுவதும் வெளியேறாமல் புதிய கலவையோடு கலந்துவிடுகிறது. அதனால் சில சுற்றுகளில் வெடிப்பு நிகழாமல், "டப்... டப்டப்... டப்" என்று தாளம் தப்பி ஒலிக்கும். யெஸ்டியை விரும்புவோர் தெருமுனையிலேயே அடையாளம் காண்பது இக்குரலைத்தான். இதனைச் சீராக்குகிறேன் என்று கார்புரேட்டரைத் திருகிக் கலவையை மெலியச்செய்வோர், இல்லாத நோய்க்கு மருந்திட்டு உள்ள நலத்தைக் கெடுப்பவராவர்.

ஒலி உள்ளிருந்துதான் வருகிறது என்று துணிந்தபின், அஃது எப்போது வருகிறது என்று கேட்கவேண்டும். காலையில் எழுப்பியவுடன் கடகடவென்று ஒலித்து, சூடேறியபின் அடங்குமானால், அது பெரும்பாலும் தேய்ந்த பிஸ்டன் சிலிண்டர்ச் சுவரில் தட்டும் ஒலி. சூட்டில் பிஸ்டன் சற்று விரிவதால் இடைவெளி குறைந்து ஒலி அடங்குகிறது. இது முதுமையின் அடையாளம். உடனே அஞ்சவேண்டியதில்லை, அளந்து பார்த்து முடிவு செய்யலாம். இதற்கு மாறாக, சூடேறச் சூடேற மெல்லிய "டிக், டிக்" ஒலி தெளிவாகுமானால், பிஸ்டன் பின்னும் அதன் புஷ்ஷும் தேய்ந்திருக்கலாம். வேகம் ஏறும்போதும் சுமை இழுக்கும்போதும் அடியிலிருந்து கனத்த தட்டொலி எழுமானால், அது கனெக்டிங் ராடின் அடிமுனை. அவ்வண்டியை ஓட்டாமல் தள்ளிக்கொண்டு போவதே அறிவுடைமை. நான் கேட்ட உறுமலைப்போல வேகத்தோடு ஏறியிறங்கும் ஓசை, கிராங்கின் பேரிங்கு.

சாமுண்டி மலை ஏறும்போது மட்டும், பித்தளைச் செம்பில் சில்லறைக் காசுகளைப் போட்டுக் குலுக்கினாற்போல் ஓர் ஒலி எழுவதைச் சிலர் கேட்டிருக்கலாம். அஃது எந்த உறுப்பும் மோதும் ஒலியன்று. கலவை முறையாக எரியாமல் அதிர்ந்து எரிவதால் எழுவது. சிலிண்டர்த் தலையில் கரி படிந்திருப்பதும், பாயிண்ட் இடைவெளி அகன்று பொறி முன்னதாகவே பாய்வதும், கலவையில் பெட்ரோல் குறைவதும் இதற்குக் காரணங்கள். கரியைச் சுரண்டிப் பாயிண்டைச் சரிசெய்தால் ஒலி மறையும். கவனியாது விட்டால் நாளடைவில் பிஸ்டனின் தலையே துளைபட்டுப்போகும்.

இக்காலப் பெட்ரோலைப் பற்றியும் இங்கே ஒரு சொல். இன்று விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனாலுக்கு எரிவதற்கு வேண்டிய காற்று குறைவு. ஆதலின் பழைய பெட்ரோலுக்கென்று அளவிட்ட கார்புரேட்டரில் கலவை சற்று மெலிந்துவிடும். மேலும் அது காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் நாளடைவில் கெடுக்கும். எனவே பெட்ரோல் நிரப்பிய வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைப்பது நல்லதன்று. பெட்ரோலோடு டூஸ்ட்ரோக் எண்ணெயை லிட்டருக்கு 30 முதல் 40 மில்லிலிட்டர் வரை அளந்தே ஊற்றவேண்டும், கண்ணளவு போதாது. குறைந்தால் பிஸ்டன் ஒட்டும். மிகுந்தால் கரி படியும்.

இனி, ஒலி எங்கிருந்து வருகிறது என்பதைக் காணும் வழி. 1816ஆம் ஆண்டு பாரிசு நகரத்து மருத்துவர் லென்னக், சுருட்டிய காகிதக் குழலை நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதே ஸ்டெதஸ்கோப்பின் தோற்றம். பட்டறைகளில் நீண்ட ஸ்குரூடிரைவர் அத்தொண்டைச் செய்கிறது. அதன் முனையை இஞ்சினின் ஓரிடத்தில் ஊன்றி, கைப்பிடியைக் காதின் பின்னெலும்பில் அழுத்தினால், அவ்விடத்து ஒலி தெளிவாகக் கேட்கும். சிலிண்டர், இடப்பக்க மூடி, வலப்பக்க மூடி, அடிப்பெட்டி என்று இடம் மாற்றி மாற்றிக் கேட்டு, எங்கே உரத்து ஒலிக்கிறதோ அங்கே தேடலாம். இதனைத் திறந்த வெளியில்தான் செய்யவேண்டும். மூடிய அறையில் இஞ்சினின் புகை உயிருக்கு நஞ்சு. சூடான புகைக்குழலும், வேட்டி சேலைத் தலைப்பைப் பற்றியிழுக்கும் சுழலும் உறுப்புகளும் நினைவிலிருக்கட்டும்.

நான் பணிபுரியும் ரயில்வேயில் இம்முறை பழமையானது. வண்டி நிலையத்தில் நிற்கையில் ஊழியர் ஒருவர் சுத்தியலால் சக்கரங்களைத் தட்டிக்கொண்டே போவதை முதியோர் கண்டிருப்பர். நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும். விரிசல் கண்டது மழுங்கி ஒலிக்கும். இன்று தண்டவாளத்தருகே ஒலிவாங்கிகளை வைத்து, ஓடும் வண்டியின் பேரிங்கு ஓசையைக் கணிப்பொறியால் ஆராய்கிறார்கள். கருவி மாறினும், உறுப்பு உடைவதற்குமுன் குரல் கொடுக்கும் என்ற உண்மை மாறவில்லை.

இம்முறையின் பயனைச் சென்ற ஆண்டு கண்கூடாகக் கண்டேன். எங்கள் வண்டியில் மறுபடியும் ஒரு தட்டொலி எழுந்தது. ஒரு பட்டறையில் காட்டியபோது, கிராங்கு போய்விட்டது என்று சொல்லி, என் மாதச் சம்பளத்தில் பாதியை விழுங்கும் தொகையைக் கேட்டார்கள். முன்பு பட்ட அச்சத்தில் நானும் சரியென்று தலையசைக்க இருந்தேன். ஆனால் அப்பா, "கொஞ்சம் பொறு. நான் கேட்டுச் சொல்கிறேன்" என்றார்.

அப்பாவுக்குச் சில ஆண்டுகளாகவே காது மந்தம். நாம் பேசுவதை இருமுறை சொன்னாலொழிய அறியார். அவர் கேட்டுச் சொல்வதாவது என்று எண்ணினேன். அவரோ ஸ்குரூடிரைவரை எடுத்து இடப்பக்க மூடியில் ஊன்றி, கைப்பிடியைக் காதின் பின்னெலும்பில் அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டார். செவியின் வெளிப்புறமும் நடுப்பகுதியும் பழுதுற்றிருப்பினும், உட்செவி நன்றாக இருந்தால் எலும்பின் வழியே வரும் ஒலியை அது ஏற்கும் என்பதை மருத்துவர் பின்னர்ச் சொல்லியே அறிந்தேன். அப்பா நெடுநேரம் கேட்டார். "கொஞ்சம் முறுக்கு" என்றார், முறுக்கினேன். அவர் முகம் மலர்ந்தது. "வேகம் கொடுத்தால் அடங்குகிறது பார். கிராங்காக இருந்தால் வலுக்க அல்லவா வேண்டும்? இது செயின்" என்றார்.

மூடியைத் திறந்தோம். இஞ்சினிலிருந்து கிளச்சுக்கு விசையைக் கொண்டுசெல்லும் சங்கிலி நீண்டு தொய்ந்திருந்தது. மெதுவாக ஓடுகையில் அது துள்ளி மூடியின் உட்புறத்தில் தட்டியிருக்கிறது; வேகம் கொடுத்தால் இறுகி அடங்கியிருக்கிறது. புதிய சங்கிலி ஒன்று வாங்கி மாட்டினோம். கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை. அப்பட்டறைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன். இஞ்சினில் தட்டொலி என்று மட்டும் நான் சொன்னேன். அவர் தமக்குப் பழகிய விடையைச் சொன்னார். எப்போது, எங்கே என்று நான் சொல்லியிருந்தால் அவரும் வேறுவிதமாகத் தேடியிருப்பார்.

ஆகவே அன்பர்களுக்கு நான் சொல்வது இதுவே. வண்டிக்கென ஒரு சிறு குறிப்பேடு வையுங்கள். குமாஸ்தா வேலை பார்ப்பவன் வேறென்ன சொல்வான் என்று நகைக்க வேண்டா. ஒலி தோன்றிய நாள், ஓடிய தூரம், குளிர்ந்திருந்ததா சூடேறியிருந்ததா, சுமையிலா சும்மாவா, கிளச்சைப் பிடித்தால் மாறிற்றா என்னும் ஐந்தையும் எழுதிக்கொண்டு பட்டறைக்குச் செல்லுங்கள். செலவு குறைந்த சோதனையை முதலிலும், இஞ்சினைப் பிரிப்பதைக் கடைசியிலும் வையுங்கள். கெட்டியான எண்ணெயை ஊற்றி ஒலியை மறைப்பதும், உரத்த சைலன்சர் மாட்டி அதனை மூழ்கடிப்பதும், அழும் குழந்தையின் வாயைப் பொத்துவதை ஒக்கும். எங்கேனும் ஓட்டத்தில் இஞ்சின் இளைத்து இறுகினால், உடனே கிளச்சைப் பிடித்துச் சாலையோரம் ஒதுங்குங்கள்.

தோளைத் தொட்டு நிறுத்திய அன்பர் சென்ற வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. "குளிரில் மிகுதி, சூட்டில் இல்லை" என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்தார். வாசலில் அவருடைய வண்டி நின்றது. அப்பா ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு எழுந்தார். அன்பர் உரக்கப் பேச வாயெடுத்தார். "சும்மா இருங்கள், வண்டி பேசட்டும்" என்றார் அப்பா.